அங்கன்வாடியில் நேரம் கசியும் இடங்கள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் 22 ஆண்டுகளாக அங்கன்வாடி மையம் நடத்திவருகிறேன். இடையிடையே பணியாளர் இல்லாத பக்கத்து ஊர் மையங்களைக் கூடுதல் பொறுப்பாகப் பார்த்ததும் உண்டு. எந்த மையத்தின் கதவைத் திறந்தாலும் முதல் வாரத்தில் காதில் விழுவது ஒரே குறைதான்: "நேரம் போதவில்லை, டீச்சர்." வேலை அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒரு மையத்தில் நேரம் தண்ணீர்க் குடத்தோடு போகிறது, இன்னொன்றில் கைப்பேசியோடு போகிறது, வேறொன்றில் பூட்டிய கதவுக்கு முன்னால் போகிறது. எங்கே போகிறது என்று பார்க்காமல் "இன்னும் வேகமாக வேலை செய்" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது. காலை 10 மணி முதல் 11.30 வரை பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய நேரம். பாட்டு, கதை, மணல், களிமண், பேச்சு எல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு திருத்தமும் அந்த நேரத்தை மீட்பதற்காகச் செய்து பார்த்தது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் மூன்று நாள் சோதனை

பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். 10 மணி முதல் 11.30 வரை கால் மணிக்கு ஒரு கட்டம் என்று ஆறு கட்டம் போடுங்கள். அந்தக் கால் மணியில் உங்கள் கை எதில் இருந்ததோ அதன் முதல் எழுத்தைப் போடுங்கள். பிள்ளைகளோடு இருந்தால் "பி", பதிவேடு அல்லது கைப்பேசி என்றால் "ப", சமையல், தண்ணீர் என்றால் "ச", வெளியிலிருந்து வந்தவர்களோடு பேசினால் "வெ". மூன்று நாளும் மூன்று விதமான நாளாக இருக்கட்டும்: படகு கரை திரும்பும் நாள் ஒன்று, சாதாரண நாள் ஒன்று, சத்துமாவு கொடுக்கும் நாள் ஒன்று. நான்கு "பி" இருந்தால் உங்கள் மையம் நன்றாகவே ஓடுகிறது. இரண்டுக்குக் கீழே போனால், எந்த எழுத்து அதிகமோ அந்த அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

## அறிகுறி: 10 மணி தாண்டியும் பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள்

முதலில் கதவைப் பாருங்கள். சாவி யாரிடம் இருக்கிறது? ஒரே சாவி, அதுவும் மூன்று கிலோமீட்டர் தள்ளி பஸ்ஸில் வரும் டீச்சரிடம் என்றால், பஸ் தவறும் நாளெல்லாம் மையம் தாமதம்தான். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போன அம்மா மறுநாள் தானாகவே அரை மணி நேரம் தாமதமாக வருவார். இரண்டாவது சாவி ஒன்றை உதவியாளரிடம் கொடுங்கள்.

கதவு சரியாக இருந்தால் கடலைப் பாருங்கள். இரண்டு வாரம் பிள்ளைகள் வந்த நேரத்தை வருகைப் பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள். இராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலை கரை திரும்பும். செவ்வாயும் வியாழனும் காலையில் வீட்டில் பெரியவர் யாரும் இருக்கமாட்டார்கள். மீன் பிரிப்பதும் ஏலமும் கூடை சுமப்பதும் முடிந்துதான் பிள்ளைக்குத் தலை சீவ முடியும். பாசி எடுக்கப் போகும் அம்மாக்கள் உள்ள ஊரில் கணக்கு வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். நாட்டுப்படகு ஊர், கரைவலை ஊர், உப்பளத்துக்குப் போகும் ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நடை இருக்கிறது. உங்கள் ஊரின் நடை பென்சில் குறிப்பில் தானே தெரிந்துவிடும்.

இதைத் திட்டித் திருத்த முடியாது, திருத்தவும் கூடாது. அந்த நாள்களில் முதல் முக்கால் மணிக்கு, நடுவில் வந்து சேரக்கூடிய விளையாட்டை மட்டும் வையுங்கள். மணல், களிமண், கட்டைகள், சிப்பி அடுக்குதல் போன்றவை. கதையை 10.45-க்குத் தள்ளுங்கள். தாமதமாக வந்த பிள்ளைக்குக் கதையின் பாதியிலிருந்து கேட்க வேண்டிய நிலை வராது, உங்களுக்கும் மூன்று முறை தொடங்க வேண்டியிருக்காது.

கடல் நாளும் காரணமில்லை என்றால் கூட்டி வரும் ஆளைப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளிக்குப் போகும் அக்காளோ அண்ணனோ விட்டுவிட்டுப் போவார்கள். பள்ளி மணிக்கு முன் உங்கள் கதவு திறந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் அனைவரும் நேரத்துக்கு வருவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தாண்டி வரவேண்டிய தெரு என்றால், அந்தத் தெருவுக்கென்று ஒரு பெரியவரைப் பேசிவையுங்கள். ஐந்து வீட்டுக்கு ஒரு பாட்டி கிடைப்பார்.

எப்போது வெளியே சொல்ல வேண்டும்: தொடர்ந்து வந்த பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் நான்காம் நாள் வீட்டுக்கே போங்கள். பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்கள், அடிபட்ட தடம் இருக்கிறது என்று தெரிந்தால் அதை உங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், 1098-க்கு அழையுங்கள்.

## அறிகுறி: பாட்டும் கதையும் நடத்த நேரமே கிடைப்பதில்லை

எனக்கு மிக அதிகமாகக் கேட்கும் குறை இது. மிக அதிகமாக நானே விழுந்து எழுந்த குழியும் இதுதான். காரணம் பெரும்பாலும் ஒன்றுக்கு மேல் இருக்கும், அதனால் வரிசையாகப் பாருங்கள்.

கைப்பேசி எங்கே இருக்கிறது? மடியிலோ மேசையிலோ இருந்தால் இதுதான் முதல் காரணம். நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், பிள்ளைகள் பாடும் படத்தை உடனே குழுவில் போடும்படி தினமும் 10.30-க்குச் செய்தி வரும். பாட்டை நிறுத்தி, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து, படம் எடுத்து, சிக்னலுக்காக வாசலுக்குப் போய் அனுப்பித் திரும்பினால் 20 நிமிடம் போயிருக்கும். பாட்டும் போயிருக்கும்.

ஒரு நாள் நான்கு வயதுப் பையன் ஒருவன் உள்ளங்கையை விரித்துக்கொண்டு என் முன் வந்து நின்றான். "டீச்சர், இது எங்கள் அப்பா வலையில் வந்தது" என்றான். நான் பதிவு ஏறுகிறதா என்று திரையைப் பார்த்தபடியே "ம்" என்றேன். மறுபடி சொன்னான். மூன்றாம் முறை சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தான். நான் தலை நிமிர்ந்தபோது அவன் திரும்பிப் போய், ஈரம் காயாத அந்தச் சங்கைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு எவ்வளவு கேட்டும் எடுத்துக்காட்டவில்லை. அன்றிலிருந்து 10 முதல் 11.30 வரை கைப்பேசி அலமாரியின் மேல் தட்டில், மணிச்சத்தத்தோடு இருக்கும். அழைப்பு வந்தால் எடுப்பேன். செய்திகளை 11.30-க்குப் பிறகுதான் பார்ப்பேன். படத்தைக் காலையில் ஒன்று எடுத்துவைத்துக்கொண்டு பிறகு அனுப்புவதாக மேற்பார்வையாளரிடம் நேரில் கேட்டேன். ஒப்புக்கொண்டார். கேட்காமலேயே நடக்காது என்று முடிவுசெய்துவிடாதீர்கள்.

கைப்பேசி இல்லையென்றால், பொருள் தேடும் நேரத்தைப் பாருங்கள். "பட அட்டை எங்கே, கிரேயான் எங்கே" என்று எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். மறுபடி வட்டமாக உட்காரவைக்க ஐந்து நிமிடம் ஆகும். நம் ஊரில் பனையோலைக் கொட்டானுக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு ஒரு கொட்டான் என்று வரிசையாக வைத்து, அந்தந்த நாளின் பாட்டு, கதை, விளையாட்டுக்கு வேண்டியதை முந்தின வாரக் கடைசியிலேயே போட்டுவையுங்கள். காலையில் கொட்டானைத் தூக்கி நடுவில் வைத்தால் வேலை தொடங்கிவிடும். அரை மணி நேரத் தயாரிப்பு ஒரு வாரத்துக்கு உதவும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. சிறு சோழி, சிப்பி, புளியங்கொட்டையை மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொண்டால் ஊக்கு, ஈர்க்குச்சி வைத்துத் தோண்டாமல் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

அதுவும் சரியென்றால், வரிசையில் நிற்கும் நேரத்தைப் பாருங்கள். யாரும் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. 18 பிள்ளைகள், ஒரு வாளி, ஒரு குவளை. ஆளுக்கு ஒரு நிமிடம் என்றால் கை கழுவ மட்டும் 18 நிமிடம். கடைசிப் பிள்ளை கழுவும்போது முதல் பிள்ளை மறுபடி மண்ணில் கை வைத்திருக்கும். குழாய் பொருத்திய வாளி இரண்டு வாங்கினால் நேரம் பாதியாகும், தண்ணீரும் மிஞ்சும். வாளி வாங்கும் வரை இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு உதவியாளரோடு கழுவட்டும், மற்றது உங்களோடு பாடட்டும், பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வாசல். சத்துமாவு வாங்க, எடை பார்க்க, ஒரு கையெழுத்துக்கு என்று அம்மாக்கள் வந்துகொண்டே இருந்தால் உங்கள் தாளில் "வெ" நிறைய இருக்கும். வாரத்தில் இரண்டு பிற்பகல்களை இதற்கென்று ஒதுக்கி, கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். படிக்க வராதவர்களுக்கு நேரில் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகையும் ஞாயிறு கோயிலும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். கடலிலிருந்து அப்போதுதான் வந்து நிற்கும் அம்மாவையும் கைக்குழந்தைக்காரியையும் மட்டும் எந்த நேரத்திலும் திருப்பி அனுப்பாதீர்கள். இரண்டு மாதத்தில் ஊர் பழகிவிடும்.

கடைசியாக, ஆள். உதவியாளர் பணியிடம் காலியாக இருந்து, சமையலும் நீங்கள்தான் என்றால் மேலே சொன்ன எதுவும் முழுதாகப் பலிக்காது. இது உங்கள் நேர மேலாண்மைக் குறை இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுதிக் கொடுங்கள். எப்படி எழுதுவது என்று கடைசித் தலைப்பில் சொல்லியிருக்கிறேன்.

## அறிகுறி: போஷன் டிராக்கர் பதிவு தேங்கிக்கொண்டே போகிறது

அங்கன்வாடிப் பதிவுகளைக் கைப்பேசியில் ஏற்றுவதற்கான இந்தச் செயலி 2021 மார்ச்சில் வந்தது. அதற்கு முன் பதிவேட்டோடு போராடினோம், இப்போது திரையோடு. கோளாறு எங்கே என்று பிரித்துக்கொண்டால் பாதிக் கவலை தீரும்.

செயலி திறக்கவே இல்லையா? கைப்பேசியில் இடம் நிறைந்திருக்கும். குழுக்களில் வந்து குவிந்த படங்களையும் காணொளிகளையும் அழியுங்கள், செயலியின் புதிய பதிப்பைப் போடுங்கள்.

திறக்கிறது, சுற்றிக்கொண்டே நிற்கிறதா? வாசலில், மாடியில், கடற்கரைப் பக்கம் என்று மூன்று இடத்தில் நின்று பாருங்கள். ஒரு இடத்தில் ஓடினால் சிக்னல் கோளாறு. அந்த இடத்தையே பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடத்திலும் ஓடாமல், பக்கத்து ஊர் டீச்சருக்கும் ஓடவில்லை என்றால் கோளாறு உங்கள் பக்கம் இல்லை. நாள், நேரம், திரையில் வந்த வாசகம் மூன்றையும் குறித்து, திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கைப்பேசியைக் கீழே வையுங்கள். அரை மணிக்கு ஒரு முறை முயன்று முழு நாளைத் தொலைக்காதீர்கள்.

சத்துமாவு வாங்க வந்த அம்மாவின் முகம் செயலியில் பொருந்தவில்லையா? கேமராக் கண்ணாடியைத் துடையுங்கள். உப்புக்காற்றில் அதன் மேல் மெல்லிய படலம் படிந்துவிடும், பருத்தித் துணியால் துடைத்தாலே பல முறை சரியாகிவிடும். அம்மாவை வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். முக்காட்டை நெற்றி தெரியும் அளவு மட்டும் தளர்த்தச் சொல்லிக் கேளுங்கள். அதையும் ஆண்கள் யாரும் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

ஓ.டி.பி. வரவில்லையா? நம் கடற்கரைக்கே உரிய கோளாறு இது. ஆதாரோடு இணைந்த எண் அப்பாவுடையது. அந்தக் கைப்பேசி நடுக்கடலில் இருக்கும். அம்மா கைக்குழந்தையோடு உங்கள் முன் நிற்பார். இந்தக் குடும்பங்களின் பெயர்களைத் தனித் தாளில் எழுதி, படகு கரையில் இருக்கும் நாள் மாலையில் வரச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்கென்றே வாய்த்தது போன்றது. விசைப்படகுக் குடும்பங்களில் அப்பாவும் கைப்பேசியும் கரையில் இருப்பார்கள், நிலுவையில் உள்ள இணைப்பு வேலைகளையெல்லாம் அதற்குள் முடித்துவிடலாம். எண்ணே மாறிப்போயிருந்தால் ஆதார் மையத்துக்குப் போய் மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதை உங்களால் தீர்க்க முடியாது, அம்மாவிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

எப்போது மேலே சொல்ல வேண்டும்: பதிவு ஏறாத காரணத்தால் ஒரு கர்ப்பிணிக்கோ குழந்தைக்கோ சத்துமாவு கிடைக்காமல் போகும் நிலை வந்தால் அன்றே மேற்பார்வையாளரை அழையுங்கள். மாதக் கடைசி வரை காத்திருக்கக் கூடாது.

## அறிகுறி: எடைபோடும் நாள் முழு நாளையும் விழுங்குகிறது, அப்படியும் எடை தாறுமாறாக வருகிறது

நாள் முழுதும் போவதற்குக் காரணம், எல்லாரையும் ஒரே நாளில் போட நினைப்பதுதான். தினமும் வரும் பிள்ளைகளை மாதத்தின் முதல் வாரத்தில், காலையில் வரும்போதே நாளுக்கு ஐந்தாறு பேராக எடைபோட்டுவிடுங்கள். வீட்டிலிருக்கும் கைக்குழந்தைகளைச் சத்துமாவு நாளில் போடுங்கள்.

எடை தாறுமாறாக வந்தால் பிள்ளையைச் சந்தேகிக்கும் முன் தராசைச் சந்தேகியுங்கள். தரை சமமாக இருக்கிறதா, முள் அல்லது எண் பூஜ்யத்தில் நிற்கிறதா, பேட்டரி புதியதா என்று பாருங்கள். பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இரண்டை வைத்துப் பாருங்கள். இரண்டு கிலோவுக்குக் கண்ணில் படும் அளவு வித்தியாசம் வந்தால் அந்தத் தராசில் போடும் எடை எதுவும் செல்லாது. தொங்கு தராசு என்றால் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வாசலில் கட்டாதீர்கள். காற்று பிள்ளையைத் தொட்டில் போல ஆட்டும், முள் எங்கும் நிற்காது. உள்ளே, உத்திரத்தில் கட்டுங்கள். கனத்த உடை, கொலுசு, இடுப்புத் தாயத்து எல்லாம் கணக்கில் சேரும், அவிழ்க்க முடிந்ததை அவிழ்த்துவிடுங்கள்.

உயரம் குறைந்துவிட்டது போலத் தெரிந்தால், போன மாதம் எப்படி அளந்தீர்கள் என்று பாருங்கள். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தும் அதற்கு மேல் நிற்கவைத்தும் அளக்க வேண்டும். அதே பிள்ளைக்கு இரண்டுக்கும் சுமார் 0.7 செ.மீ. வேறுபடும். இரண்டு வயதைத் தாண்டும் மாதத்தில் வரும் குழப்பம் பெரும்பாலும் இதுதான்.

எப்போது நர்சம்மாவை அழைக்க வேண்டும்: ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அன்றே. 11.5-க்கும் 12.5-க்கும் இடையில் என்றால் அந்த வாரத்துக்குள். இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நின்றால், கையளவு எவ்வளவு இருந்தாலும் உடனே மருத்துவமனைக்கு. "பிள்ளை புசுபுசுவென்று இருக்கிறதே" என்று பாட்டிமார் மகிழ்வது பல நேரம் இந்த வீக்கத்தைப் பார்த்துத்தான்.

## அறிகுறி: மதியச் சோறு நேரத்துக்குத் தயாராவதில்லை

பெரும்பாலும் தண்ணீர். காலையில் ஆயாம்மா குடத்தோடு குழாயடியில் நின்றால் உலை வைக்கவே 11 ஆகிவிடும். குடிநீர் எந்த நாள், எந்த நேரம் வருகிறது என்பதை ஊராட்சியில் தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேட்டுச் சுவரில் எழுதுங்கள். முந்தின நாளே நிரப்பி மூடிவைக்க ஒரு பெரிய பாத்திரம் போதும்.

தண்ணீர் இருந்தும் பருப்பு வேகாமல் இழுத்தால், எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். நம் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில் பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் நறுக்கென்று நிற்கும். நல்ல தண்ணீரைப் பருப்புக்கும் குடிப்பதற்கும் மட்டும் வையுங்கள். பாத்திரம் கழுவ, தரை துடைக்க உப்புத் தண்ணீர் போதும். பருப்பைக் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஊறவையுங்கள். முட்டை நாளில் முட்டையை முதலிலேயே தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதப்பதை எடுத்து விலக்குங்கள். பரிமாறும்போது கெட்டது கண்டுபிடித்தால் அரை மணி நேரம் போகும், பிள்ளைகளும் மற்ற முட்டையைத் தொடமாட்டார்கள்.

எரிவாயு வாடை வந்தால் எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பி, ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எந்தச் சுவிட்சையும் தொடாமல், வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

## அறிகுறி: அழுகையிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடுகிறது

ஒரு பிள்ளை மட்டும் அழுகிறதா, பலரா என்று பிரியுங்கள்.

ஒருவர் மட்டும் என்றால் உடலைப் பாருங்கள். நெற்றி சுடுகிறதா, காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறதா, கால்சட்டை ஈரமா, காலையில் ஏதாவது சாப்பிட்டதா? கரை திரும்பும் நாளில் பல பிள்ளைகள் டீத்தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வருவார்கள். அந்த அழுகை பசி அழுகை. கையில் உணவு கொடுத்தால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும்.

பலர் சேர்ந்து அழுதால் நாளைப் பாருங்கள். ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்து படகுகள் மறுபடி கிளம்பும் வாரத்தில் இது ஆண்டுதோறும் வரும். இரண்டு மாதம் அப்பாவின் தோளிலேயே இருந்த பிள்ளை, ஒரு காலையில் எழுந்து பார்த்தால் அப்பா இல்லை, அம்மா கரைக்குப் போகிறார், தன்னை இங்கே விட்டுவிட்டார்கள். அழாமல் என்ன செய்யும்? அந்த வாரத்துக்குப் பாடத் திட்டத்தை ஒதுக்கிவையுங்கள். அப்பாவின் பழைய துண்டோ கைலியோ ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய வலைத்துண்டை விரித்து, தாளில் மீன் வெட்டிப் போட்டு, வலை இழுக்கும் விளையாட்டு வையுங்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். "அழுதால் போலீஸ் வரும்", "அப்பா வரமாட்டார்" என்று ஒருநாளும் சொல்லாதீர்கள். கடலுக்குப் போனவர் திரும்பாத வீடு ஒன்றாவது நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறது. அந்தச் சொல் பிள்ளையின் மனதில் எங்கே போய்த் தைக்கும் என்று நமக்குத் தெரியாது.

எப்போது மருத்துவரிடம்: அழுகையோடு வலிப்பு, மூச்சுத் திணறல், துவண்டு போதல் இருந்தால் 108. அழுகையே இல்லாமல், கூப்பிட்டால் திரும்பாமல், கண் பார்க்காமல், இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாமல் ஒரு பிள்ளை மூலையில் அமைதியாக இருந்தால் அதையும் குறித்துவையுங்கள். பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு மையத்துக்கு வரும்போது அந்தப் பிள்ளையை முதல் ஆளாகக் காட்டுங்கள். அவர்கள் வர நாளாகும் என்றால் நர்சம்மாவிடம் சொல்லி முன்பே அனுப்புங்கள். தொந்தரவு செய்யாத பிள்ளைதான் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

## அறிகுறி: பாம்பனில் கூண்டு ஏற்றிய வாரம் எல்லாம் நின்றுபோகிறது

ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது தொடங்கும் வேலை இல்லை இது. புரட்டாசியிலேயே பதிவேடுகளையும் வளர்ச்சி அட்டைகளையும் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி மேல்தட்டில் வையுங்கள். சத்துமாவு மூட்டைகளைத் தரையிலிருந்து பலகை மேல் ஏற்றுங்கள். பிரசவ நாள் நெருங்கிய கர்ப்பிணிகளின் பெயர்ப் பட்டியலை ஒரு படி நர்சம்மாவிடம் கொடுங்கள். சுவரிலோ கூரையிலோ புதிதாக விரிசலோ கசிவோ கண்டால், மழை விடும் வரை பிள்ளைகளை உள்ளே உட்காரவைக்காமல் ஊராட்சிக்கும் மேற்பார்வையாளருக்கும் அன்றே தெரிவியுங்கள்.

## அறிகுறி: வேலை வீட்டுக்கும் வருகிறது, இரவு பத்து மணிக்கும் பதிவேடு

முதலில், ஒரே தகவலை எத்தனை இடத்தில் எழுதுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு மையத்தில் ஒரு பிள்ளையின் எடையை டீச்சர் நான்கு இடத்தில் எழுதிக்கொண்டிருந்தார். அதில் இரண்டு, யாரும் கேட்காமலேயே பழக்கத்தில் தொடர்ந்தவை. உங்கள் பட்டியலை மேற்பார்வையாளரிடம் காட்டி, எது கட்டாயம் என்று கேட்டு, மற்றதை நிறுத்துங்கள்.

அது சரியாக இருந்தும் தீரவில்லை என்றால், பிள்ளைகள் தூங்கும் பிற்பகல் நேரத்தில் முக்கால் மணியைப் பதிவுக்கு ஒதுக்குங்கள். அன்றைய பதிவு அன்றே. தேங்கியவற்றை அதோடு கலக்காதீர்கள், அவற்றுக்கு வாரத்தில் ஒரு தனி நேரம் வையுங்கள். வீடு பார்க்கப் போவதையும் தெருவாரியாக வையுங்கள். கர்ப்பிணி, கைக்குழந்தை, எடை குறைந்த பிள்ளை மூவரும் ஒரே தெருவில் இருந்தால் ஒரே நடையில் முடியும்.

அப்படியும் இரவுக்கு வேலை வந்தால், நீங்கள் கூடுதல் பொறுப்பில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு மையத்தை ஒருவர் பார்க்கும்போது எந்த ஒழுங்கும் ஒன்றரை ஆள் வேலையை ஓர் ஆளுக்குள் அடக்காது. இந்தக் கட்டத்தில் தனியாகச் சரிசெய்ய முயல்வதை நிறுத்துங்கள். தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாமல் பிள்ளைகள் மேல் எரிச்சல் வருவது தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பிறகு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு மையங்களிலும் பதிவான பிள்ளைகள் எத்தனை, தினமும் வருபவர்கள் எத்தனை, பணியிடம் காலியான தேதி எது, இரண்டு மையத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம், எத்தனை பஸ் என்று எழுதுங்கள். மூன்று நாள் சோதனைத் தாள்களின் நகலை இணைத்துவிடுங்கள். "சிரமமாக இருக்கிறது" என்ற வரியைவிட, ஆறு கட்டத்தில் ஒரே ஒரு "பி" உள்ள அந்தத் தாள் அதிகமாகப் பேசும். கடிதம் பெற்றதற்கு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி, அந்த நகலைச் சாவி தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில் உள்ள கோப்பில் வையுங்கள். அடுத்து வரும் டீச்சரின் கை முதலில் அங்கேதான் போகும்.